ஐம்பத்திரண்டு கேரவன்களும் மூன்று சேனல்களும்

நெரிடா ஸ்டபின்ஸ் எங்கள் கேரவன் பார்க்குக்குக் குடிவந்த அன்று, அலுவலக மேசையில் உட்கார்ந்திருந்த என்னிடம் இரண்டே கேள்விகள் கேட்டாள். இருபத்து மூன்றாம் இடத்தில் மத்தியானத்துக்கு மேல் நிழல் உண்டா? இன்டர்நெட் எப்படி? நிழலைப் பற்றி உண்மையைச் சொன்னேன். இன்டர்நெட்டைப் பற்றி, வருகிற எல்லாரிடமும் சொல்வதையே அவளிடமும் சொன்னேன்: "குறையில்ல."

குறை இருந்தது. பண்டபெர்க் ஊரைத் தாண்டி, கரும்புக்காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஐம்பத்திரண்டு கேரவன்கள், சக்கரம் வைத்த தகர வீடுகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறேழு அடி புல்தரைதான். பாதிப்பேர் என்னைப் போல வருஷக்கணக்காக அங்கேயே இருப்பவர்கள். எங்கள் நாட்டில் குளிர்காலம் தொடங்கும் மே மாதம் பிறந்ததும், தெற்கே குளிர் தாங்காத கிழவர்களும் கிழவிகளும் வண்டியை இழுத்துக்கொண்டு வந்து மீதி இடத்தையும் நிரப்பிவிடுவார்கள். பெரும்பாலும் ஆளுக்கொரு வைஃபை பெட்டி. யார் பெட்டி யாருடைய தகரச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

நெரிடாவுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. ராக்ஹாம்ப்டனில் ஒரு டாக்சி நிறுவனத்தில் இருபத்தாறு வருஷம் ரேடியோ முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். குரலில் இன்னும் அந்த அதிகாரம் இருந்தது. "சிவப்புக் குப்பைத்தொட்டி இன்னிக்கு, மஞ்சள் நாளைக்கு" என்று அவள் சொன்னால், எதிர்வரிசையில் ஆண்பிள்ளைகள் தானாக எழுந்துபோய்த் தொட்டியை உருட்டுவார்கள். கணவன் என்று ஒருவன் இருந்து, இருபது வருஷத்துக்கு முன்னாலேயே வேறு ஊருக்குப் போய்விட்டான். பிள்ளை இல்லை. அவளுக்கு உறவு என்று இருந்தது தங்கை குவெண்டா ஒருத்திதான்.

குவெண்டாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நெரிடாவைவிட நாலு வயது இளையவள். சின்ன வயதில் அவளை ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே கையால் பேசக்கூடாது; உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால்தான் பேச வேண்டும். கையை அசைத்தால் அந்தக் கைமேலேயே உட்காரச் சொல்வார்களாம். ஆனால் படுக்கையறையில் பெரிய பெண்கள் சின்னவர்களுக்குச் சைகைமொழியைத் திருட்டுத்தனமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். குவெண்டா ஒவ்வொரு விடுமுறைக்கும் புதிதாக முப்பது நாற்பது சொற்களோடு வீட்டுக்கு வருவாள். அக்காவுக்குக் கற்றுக்கொடுப்பாள். சாப்பாட்டு மேசைக்கு அடியில், அப்பா கண்ணில் படாமல், இரண்டு பேரும் பேசித் தீர்ப்பார்கள். அப்படி வளர்ந்த பேச்சு அவர்களுடையது. அதில் பாதிச் சொல் வேறு எந்தச் சைகைக்காரருக்கும் புரியாது என்று நெரிடா பெருமையாகச் சொல்வாள்.

பிறகு குவெண்டா தன்னைப் போலவே காது கேளாத ஒரு தச்சனைக் கல்யாணம் செய்துகொண்டு நாட்டின் தெற்குக் கோடியில் உள்ள ஹோபார்ட்டுக்குப் போனாள். அவன் செத்துப்போனபின் ஒரு நாயோடு தனியாக இருந்தாள். அக்கா தங்கை இருவரும் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒருவர் கையை ஒருவர் பார்த்துப் பேசுவார்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் நான் வாசலில் போய் நின்றால்கூட நெரிடா திரும்பமாட்டாள்.

ஐம்பது வயதுக்கு மேல் குவெண்டாவின் பார்வையும் சுருங்க ஆரம்பித்தது. பிறவிச் செவிட்டோடு சேர்ந்தே வரும் ஒரு நோய் அது. பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கி மூடிக்கொண்டே வரும். கடைசியில் ஒரு குழாய்க்குள்ளிருந்து பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் ஒரு வட்டம் மிஞ்சும். குவெண்டா அந்த வட்டத்துக்குள் அக்காவின் கை விழுகிற மாதிரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்காருவாள். படம் தெளிவாக இருந்தால் போதும், சமாளித்துவிடுவாள்.

நெரிடா வந்து இரண்டாவது குளிர்காலத்தில் படம் கெட்டது. நாலு நிமிஷம் ஓடும், சதுரம் சதுரமாக உடையும், நிற்கும். வாயால் பேசுகிறவர்களுக்கு ஒரு சொல் விழுந்துபோனால் முன்னும் பின்னும் வைத்து ஊகித்துக்கொள்ளலாம். கைப்பேச்சில் அது நடக்காது. பாதியில் உறைந்துபோன கை வேறொரு சொல்லாக ஆகிவிடும்.

ஜூலையில் ஒரு ஞாயிறு அதுதான் நடந்தது. குவெண்டா சொன்னது இது: "கண் டாக்டரப் பாத்தேன். இன்னும் ரெண்டு வருஷம்தான் பார்வை இருக்கும்னுட்டார்." நெரிடாவுக்கு வந்து சேர்ந்தது: கண் டாக்டர். பிறகு காற்றில் நின்றுபோன ஒரு கை. பிறகு, ரெண்டு வருஷம். பிறகு, பார்வை இருக்கும். பார்வைக்கு ஆபத்து இல்லை, இரண்டு வருஷம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராக்கும் என்று அவள் நினைத்தாள். சந்தோஷத்தில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை விரித்துக் குலுக்கினாள். காது கேளாதவர்கள் கைதட்டுவது அப்படித்தான்.

குவெண்டா சற்றுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரை இருண்டது. நெரிடா, லைன் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு தேநீர் போடப் போனாள்.

மறுநாள் காலையில் செல்போனில் தங்கையிடமிருந்து ஒரு வரி வந்தது. நீ ஏன் கைதட்டினாய்?

அதற்குப் பதில் எழுத நெரிடாவுக்கு அரைநாள் ஆனது. எழுதி எழுதி அழித்தாள். கடைசியில், படம் நின்றுவிட்டது, தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று மட்டும் அனுப்பினாள். குவெண்டா திருப்பி எழுதினாள்: தெரியும். ஆனாலும் அந்தக் கையைப் பார்த்துவிட்டேன்.

இதை நெரிடா என்னிடம் சொன்னபோது அழவில்லை. அலுவலகத்து மேசையில் இருந்த பேனாக்களை நிறம்வாரியாக அடுக்கிக்கொண்டே சொன்னாள். "ரெண்டே வருஷம். அதுல ஒரு ஞாயித்துக்கிழமைகூட இனிமே கெடக்கூடாது" என்றாள்.

முதலில் இன்டர்நெட் கம்பெனியைக் கூப்பிட்டாள். லைனில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். பிறகு பக்கத்து இடமான இருபத்து நாலில் இருந்த பாரி லாக்னனிடம் யோசனை கேட்டாள். பாரி கரும்பு அறுக்கும் யந்திரங்களைப் பழுதுபார்த்துக் காலம் தள்ளியவர். குதிரைப் பந்தயத்தைப் பெரிய திரையில் பார்ப்பதுதான் இப்போது அவருக்கு வேலை. அவரிடம் எட்டுக் கொம்பு முளைத்த கறுப்பு ரூட்டர் ஒன்று இருந்தது. மல்லாக்கப் போட்ட சிலந்தி மாதிரி இருக்கும். அது போதாதென்று, சிக்னலை இன்னும் தூரம் எட்டவைக்க, சுவரில் செருகும் சின்னப் பெட்டிகள் இரண்டு. "பலம் பத்தல அம்மணி. பெரிசா வாங்கிப் போடுங்க. என்னை மாதிரி" என்றார் பாரி.

நெரிடா பெரிதாக வாங்கினாள். வாங்கிய கையோடு, காற்றில் யார் யார் எந்தச் சேனலில் இருக்கிறார்கள் என்று காட்டுகிற ஒரு செயலியையும் செல்போனில் இறக்கிக்கொண்டாள். ரேடியோக்காரி அல்லவா, சேனல் என்றால் அவளுக்குப் பழக்கம். திரையில் ஒவ்வொரு பெட்டியும் ஒரு குன்று போலத் தெரிந்தது. எங்கள் பார்க் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்த வைஃபை ஆறாம் சேனலில் ஒரு குன்று. பாரியின் பெட்டி பதினொன்றில் ஒரு மலை. இரண்டுக்கும் நடுவே எட்டில் ஒரு பள்ளம் காலியாகக் கிடந்தது. யாரும் இல்லாத இடம் என்று நினைத்து, தன் பெட்டியை முழுப் பலத்தோடு எட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

இரண்டு ஞாயிறு நன்றாக இருந்தது. மூன்றாவது ஞாயிறு பழையபடி ஆனது. கடைசியில், கம்பெனியின் உதவி எண்ணில் பேசிய ஒரு பெண், கம்ப்யூட்டரைக் கம்பி போட்டு நேராகப் பெட்டியோடு சேர்த்துப் பாருங்கள் என்றாள். நெரிடா அன்றே வன்பொருள் கடைக்குப் போய்ப் பத்து மீட்டர் கேபிள் வாங்கிவந்து, கேரவன் தரையோடு ஓட்டி, மேலே நாடா ஒட்டினாள். அந்த வாரம் குவெண்டாவின் விரல் நகத்தில் இருந்த பெயின்ட்கூடத் தெரிந்தது. அவளுக்கும் அக்கா முகம் கண்ணாடி மாதிரித் தெரிந்ததாம். "உனக்கு மீசை வளந்திருக்கு" என்று குவெண்டா கையால் சொன்னாள். நெரிடா அதை எங்கள் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

அவளைப் பொறுத்தவரை விஷயம் அங்கே முடிந்துவிட்டது. செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கப் போகாமல் இருந்திருந்தால், முடிந்ததாகவே இருந்திருக்கும்.

அன்று குவெண்டாவுக்கு ஏதோ வேலை, பேச்சைக் காலையிலேயே முடித்துக்கொண்டார்கள். மூன்று மணிக்கு நெரிடா கூடையைத் தூக்கிக்கொண்டு பொதுச் சலவையறைக்குப் போனாள். வாசலில் கவிழ்த்துப்போட்ட தக்காளிப் பெட்டிமேல் செமிசி உட்கார்ந்திருந்தான். டோங்கா தீவிலிருந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கு தோண்டவும் மகடாமியாக் கொட்டை பொறுக்கவும் ஒப்பந்தத்தில் வந்தவன். அந்த ஊர் ஆட்கள் எட்டுப் பேர் கடைசி வரிசைக் கேபினில் இருந்தார்கள். ஞாயிறென்றால் வேட்டி போலச் சுற்றிய துப்பெனுவும், இடுப்பில் மரியாதைக்குக் கட்டும் பாயும், வெள்ளைச் சட்டையுமாகச் சர்ச்சுக்குப் போய்வந்து, தேங்காய்ப்பாலில் இறைச்சியும் சேம்பிலையும் பொதிந்து வேகவைத்த லூ சாப்பிட்டு, ஆளுக்கொரு மூலையில் ஊருக்குப் பேசுவார்கள்.

செமிசி செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். திரையில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி வாயைத் திறந்தபடி நின்றுபோயிருந்தாள்.

மகளா என்று நெரிடா கேட்டாள். ஆமாம், பெயர் லூபே என்றான். ஏன் இப்படி நிற்கிறது என்று கேட்டதற்கு, ரெண்டு மாசமாக இப்படித்தான் என்றான். இலவச வைஃபை இந்த அறைச் சுவரில்தான் இருக்கிறது, முன்பெல்லாம் இங்கே உட்கார்ந்தால் நன்றாக வரும். இப்போது நாலு கோடும் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் படம் நகர்வதில்லை.

"எந்த மாசத்துலேருந்து?"

"ஆகஸ்ட்டும்மா. மொத வாரம். அவ பிறந்தநாள் அன்னிக்கு. கேக் வெட்டுனதப் பாக்க முடியல, அதான் ஞாபகம் இருக்கு."

ஆகஸ்ட் முதல் வாரத்தில்தான் நெரிடா புதுப் பெட்டியை மாட்டினாள். அவள் கேரவன் சலவையறையிலிருந்து இரண்டு இடம் தள்ளி. கம்ப்யூட்டர் கம்பிக்கு மாறிவிட்டாலும், பெட்டி காற்றில் ஓயவில்லை. தனியாக இருப்பவர்களின் வழக்கப்படி அவள் வீட்டில் டிவி நாள் முழுக்க இன்டர்நெட்டில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும், பார்க்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அவள் கூடையை அங்கேயே வைத்துவிட்டு நடந்தாள். கேரவனுக்குள் போய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். திரும்பி வந்தபோது செமிசி போனை மடியில் இறக்கி வைத்திருந்தான். திரையில் அந்தப் பெண் முன்பல் விழுந்த ஓட்டையைக் காட்டி, நாக்கை அதன் வழியாக நீட்டிக்கொண்டிருந்தாள்.

"தானா சரியாயிடுச்சும்மா" என்றான் செமிசி.

நெரிடா, தானாக இல்லை, அது தன் பெட்டிதான் என்று சொன்னாள். "பரவால்லம்மா. உங்க தங்கச்சியோட பேச வேணும்ல. நான் நாலரைக்கு மேல பேசிக்கிறேன்" என்றான் செமிசி.

தான் கம்பியில் பேசுவதால் தங்கையோடு பேச அந்தப் பெட்டியின் காற்று தேவையே இல்லை என்று அவனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவள் கண்ணெதிரே அவன் பேச்சு கெட்டுப்போனது யாருமே பார்க்காத ஒரு டிவிக்காக. என்னிடம் வந்து அவள் சொன்ன வார்த்தை இது: "எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கெட்டதுக்கு ஊரையே திட்டினேன். அவனுக்கு எட்டு ஞாயித்துக்கிழமைய நான் கெடுத்திருக்கேன். அவன் ஒருத்தரையும் திட்டல."

அன்று சாயங்காலமே உதவி எண்ணில் பேசிய அந்தப் பெண்ணை மறுபடி பிடித்தாள். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாள். மறுநாள் பார்க்கின் வரைபடம் ஒன்று வேண்டும் என்று என்னிடம் வாங்கிப்போனாள். மூன்று நிறப் பென்சிலால் ஒவ்வொரு இடத்துக்கும் வண்ணம் தீட்டினாள். ஒன்றாம் சேனல் நீலம், ஆறு பச்சை, பதினொன்று சிவப்பு. பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு ஒரே நிறம் வராதபடி மாற்றி மாற்றித் தீட்டியிருந்தாள். பிறகு வாசல் வாசலாகப் போக ஆரம்பித்தாள்.

அவள் எல்லாரிடமும் சொன்ன விளக்கத்தை நானே நாலைந்து தரம் கேட்டிருக்கிறேன். டாக்சி ரேடியோவில் நாற்பது டிரைவர்கள் ஒரே சேனலில் இருப்பார்கள். ஒருவன் பேசும்போது மற்றவன் காத்திருப்பான். இருவர் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் இரண்டு பேச்சும் நாசம். வைஃபை பெட்டிகளும் அப்படித்தான், ஒரே சேனலில் இருந்தால் ஒன்று பேசுவது இன்னொன்றுக்குக் காதில் விழும், அடக்கமாகக் காத்திருக்கும். கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். சேனல் என்று பதின்மூன்று எண் போட்டிருந்தாலும் ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் வழிகிற அகலம் உள்ளது. ஒன்றோடொன்று இடிக்காமல் நிற்க மூன்றுக்குத்தான் இடம். காலியாக இருக்கிறதே என்று நடுவில் ஒருவன் போய் உட்கார்ந்தால், அவன் பேச்சு இரண்டு பக்கத்துக்கும் பேச்சாகக் கேட்காது. இரைச்சலாகத்தான் கேட்கும். அதனால் யாரும் அவனுக்காகக் காத்திருக்க மாட்டார்கள், அவனும் காத்திருக்க மாட்டான். எல்லார் பேச்சும் உடைந்துபோகும். உடைந்ததை மறுபடி மறுபடி அனுப்பி இன்னும் நெரிசலாகும்.

"அப்படி நடுவுல போய் உக்காந்தவ நான்தான். எட்டாம் சேனல்ல. ரெண்டு பக்கமும் குட்டிச்சுவராக்கினேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் தன் குற்றத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசினாள். அது நல்ல தந்திரமும்கூட என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவள் தந்திரமாகச் செய்யவில்லை.

கேட்டது மூன்றே உதவி. பெட்டியைப் படத்தில் உள்ள நிறத்துக்கு மாற்றவேண்டும். பலத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கவேண்டும்; நாற்பது அடி கேரவனுக்குக் கரும்புக்காடு தாண்டி எட்டுகிற சிக்னல் எதற்கு? புதுப் பெட்டி வைத்திருப்பவர்கள், அதில் உள்ள ஐந்து கிகாஹெர்ட்ஸ் என்கிற மற்றொரு அகலப் பாதைக்கு டிவியை மாற்றிக்கொள்ளவேண்டும். அது தகரச் சுவரைத் தாண்டி அதிகம் போகாது. அதனாலேயே அடுத்தவருக்குத் தொல்லை இல்லை.

எல்லாரும் ஆகட்டும் என்று தலையாட்டிவிடவில்லை. என் பெட்டிக்குள் கை வைத்து என் வங்கிக் கணக்கைப் பார்க்கவா என்று ஒருவர் கேட்டார். முப்பத்தொன்றாம் இடத்துக் கிழவி, பாஸ்வேர்டு தன் செத்துப்போன கணவனுக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லி நெரிடாவை ஒரு மணி நேரம் உட்காரவைத்து அவர் கதையைச் சொன்னாள். தெற்கிலிருந்து வந்த ஒரு தம்பதி, நாங்கள் அடுத்த வாரம் போகிறோம், எங்களுக்கென்ன என்றார்கள். ஆனாலும் பத்து நாளில் நாற்பத்தொரு பெட்டிகளில் முப்பது மாறின. பார்க்கின் மூன்று பெட்டிகளும் ஒரே ஆறாம் சேனலில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சலவையறைப் பெட்டியை ஆறிலேயே விட்டுவிட்டு மற்ற இரண்டையும் நான் மாற்றினேன். அதற்கு நெரிடா என்னைப் பாராட்டவில்லை, "உங்க ஆபீஸ்தான் மொதக் குத்தவாளி" என்று மட்டும் சொன்னாள்.

பாரி மாறவில்லை. பார்க்கிலேயே மிகப் பெரிய மலை அவருடையதுதான். அந்த மலை அசையாதவரை, சலவையறைப் பக்கம் பாதிதான் தேறியது.

"நான் காசு குடுத்து வாங்கின பலம் அம்மணி. அதை எதுக்குக் குறைக்கணும்?"

"நானும் உங்க பேச்சக் கேட்டுத்தான் பெரிசா வாங்கினேன் பாரி."

"வாங்கினீங்க. கம்பியில பேசுறீங்க. உங்க வேலை முடிஞ்சது. அந்தக் கிழங்குக்காரப் பசங்களுக்கு நீங்க எப்ப வக்கீல் ஆனீங்க?"

நெரிடா திரும்பி நடந்தாள். அவளுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது என்பது நடையிலேயே தெரிந்தது. அன்று மத்தியானம் நான் எரிவாயு சிலிண்டர் கணக்கெடுக்கப் போனபோது, அவள் தன் நாற்காலியைப் பாரியின் வேலிப்பக்கம் போட்டுக்கொண்டு, செல்போனில் அந்தச் சேனல் செயலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பக்கம் பந்தய ஒலிபரப்பு கேட்டது. குதிரைகள் கடைசித் திருப்பத்துக்கு வரும், ஒலி அறுந்துபோகும். பாரி ஒரு கெட்ட வார்த்தை சொல்வார். மறுபடி வரும்போது பந்தயம் முடிந்திருக்கும்.

மூன்று பந்தயம் அப்படிக் கேட்டபின் நெரிடா எழுந்து அவர் வாசலுக்குப் போனாள். நானும் கணக்குப் புத்தகத்தோடு பின்னால் போய் நின்றேன். இந்த வயதில் கைகலப்பு ஆகிவிடக் கூடாதே என்ற பயம்.

"பாரி, உங்களக் கெடுக்கிறது நானும் இல்ல, அந்தப் பசங்களும் இல்ல. உங்க சுவத்துல இருக்கே ரெண்டு சின்னப் பெட்டி, அதுங்கதான்" என்றாள். அந்தப் பெட்டிகள் தாமாக ஒன்றும் அனுப்புவதில்லை, பெரிய பெட்டி சொன்னதை அதே சேனலில் மறுபடி சொல்கின்றன. ஒரு சொல்லை மூன்று தரம் சொன்னால் நேரம் மூன்று மடங்கு ஆகாதா? டிவி பெரிய பெட்டிக்கு எட்டடி தூரத்தில் இருக்கும்போது நடுவில் தரகர் எதற்கு? "அடுத்த பந்தயத்துக்கு மட்டும் அந்த ரெண்டையும் பிடுங்கிப் பாருங்க. நின்னு போச்சுன்னா இனிமே இந்த வாசல்ல நான் நிக்கமாட்டேன்."

"நிச்சயமா நிக்கமாட்டீங்களா?" என்றார் பாரி. பிறகு உள்ளே போனார். அது அவளை விரட்டும் ஆசையில் செய்ததா, நம்பிச் செய்ததா, எனக்குத் தெரியாது. அடுத்த பந்தயம் இரண்டு நிமிஷமும் சில வினாடியும். நாங்கள் மூன்று பேரும் நின்றபடியே பார்த்தோம். ஒரு தடவைகூட நிற்கவில்லை. பாரி ஆதரித்த குதிரை ஐந்தாவதாக வந்தது.

"தோத்தத இவ்வளவு தெளிவா பாத்ததில்ல" என்றார் பாரி.

அந்த நாளே அவர் மனம் மாறினார் என்று சொன்னால் பொய். இரண்டு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார். அதற்குப்பிறகு ஒரு காலையில், நெரிடாவின் செயலியில் பதினொன்றாம் சேனலின் மலை ஒரு சின்ன மேடாகச் சுருங்கியிருந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் அவரே குறைத்திருந்தார். அதற்குப்பின் அவர் குப்பைத்தொட்டியை நெரிடாவே உருட்டிவிட்டு வந்தாள்.

கடைசிவரை மாறாதவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வண்டிகள் வந்து போய்க்கொண்டே இருந்ததால் படம் மாதாமாதம் கலைந்தது. புதிதாக வருகிறவர்களிடம் நான் மேசையிலேயே ஒரு தாள் கொடுத்தேன்: இந்த இடத்துக்கு இந்த எண். சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. பூரணமாகச் சரியாயிற்று என்று சொல்லமுடியாது. ஆனாலும் செமிசியால் தக்காளிப் பெட்டிமேல் உட்கார்ந்து அரைமணி நேரம் நிற்காமல் பேசமுடிந்தது. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும்போது தன் சர்ச்சு இடுப்புப்பாயில் ஒன்றை நெரிடாவிடம் கொடுத்தான். அதை எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் அவள் சுவரில் மாட்டிவைத்தாள்.

குவெண்டாவுக்கு டாக்டர் சொன்ன இரண்டு வருஷம் கிடைக்கவில்லை. பதினாறு மாதம்தான் கிடைத்தது. அதில் நெரிடா ஒரு ஞாயிறைக்கூட விடவில்லை. பின்னால் வட்டம் மேலும் சுருங்கியபோது, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, பின்னால் கறுப்புத் துணி தொங்கவிட்டு, கை மட்டும் வெளிச்சத்தில் தெரியும்படி உட்கார்ந்து மெதுவாகப் பேசினாள். ஒரு தரம் நான் உள்ளே போனபோது குவெண்டா திரையில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நெரிடா எனக்கு மொழிபெயர்த்தாள்: "நீ கைதட்டினப்போ எனக்கு உன்மேல கோபம் வரல. ஒரு நிமிஷம், இது நல்ல சேதிதானோன்னு நானே நம்பினேன். அதுக்குத்தான் அழுதேன்." சொல்லிவிட்டு நெரிடா திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுவருஷம் டிசம்பரில் ஒரு ஞாயிறு, படம் நன்றாக இருந்தும், குவெண்டாவால் அக்காவின் கையைப் படிக்க முடியவில்லை. மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் நெரிடா மெதுவாகச் சொன்னாள். அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த மாதமே நெரிடா கேரவனை விற்றுவிட்டு ஹோபார்ட்டுக்குக் கிளம்பினாள். அறுபத்தாறு வயதில் எல்லாவற்றையும் மூட்டைகட்டிக்கொண்டு குளிர் ஊருக்குப் போகிறாயே என்று நான் கேட்டதற்கு, கம்பி அவ்வளவு தூரம் நீளாது என்றாள். குளிர்சாதனப் பெட்டியைப் பாரி லாக்னனும் கேபின் ஆட்களும் சேர்ந்து தூக்கினார்கள். வழியெல்லாம் பாரி கனத்தைப் பற்றிப் புலம்பினார்.

கண்ணும் காதும் இல்லாதவர்கள், பேசுகிறவரின் கைமேல் தங்கள் கையை வைத்து, அசைவைத் தொட்டே படிப்பார்கள். அதை நெரிடா அங்கே போய்த்தான் பழகினாள். போன வாரம் போனில் பேசினாள். இப்போது நாள் முழுக்க அப்படித்தான் பேச்சு என்றாள். சமையல்கட்டில், பஸ்ஸில், டாக்டர் வீட்டு வரிசையில், எங்கே வேண்டுமானாலும். முழங்கை வலிக்கிறது. தங்கைக்கும் பொறுமை குறைவு. நேற்று அவள் கையை உதறிவிட்டு, உன் கை சொரசொரவென்று மரப்பட்டை மாதிரி இருக்கிறது, க்ரீம் போட்டுக்கொண்டு வந்து பேசு என்று சொன்னாளாம்.

"போட்டுக்கிட்டுப் போனேன். வழுக்குதுன்னுட்டா" என்றாள் நெரிடா.